தலவில சந்தியில் நான் கண்டது

ராத்தா,

நேற்று உங்கள் மகள் வந்து ஒரு ஹெல்மட்டைத் தந்துவிட்டுப் போனாள். ஸ்கூட்டியில் பின்னால் இருந்து போகும் எனக்காக நீங்கள் வாங்கிய சிவப்பு ஹெல்மட். மோந்து பார்த்தேன். என் தேங்காயெண்ணெய் வாசம்தான் இன்னும் அதில் இருக்கிறது. எனக்குப் பிறகு நீங்கள் வேறு யாரையும் ஏற்றவில்லை.

அடுத்த வீட்டுக்காரிதான் நான். ஆனாலும் கூடப்பிறந்த தங்கையைப் போல உங்களோடு திரிந்தேன். அபாயாவோடு ஸ்கூட்டி ஓட்டுகிறீர்களே என்று யாராவது கேட்டால், "லைசன்ஸ் ஈக்கிது, ஓட்டுறன்" என்பீர்கள். உங்களுக்கு எல்லாமே சட்டம்தான். பெட்ரோலுக்கு நாள் கணக்காக நின்ற காலத்தில் ஒருவர், "பொம்பிளைகள் வீட்ட போங்க, ஆம்பிளைகள அனுப்புங்க" என்றார். "வரிசையில ஆம்பிள பொம்பிள இல்ல காக்கா. முன்னுக்கு வந்தவர், பின்னுக்கு வந்தவர், அவ்வளவுதான்" என்று அண்ணனிடம் பேசுவது போலச் சொன்னீர்கள். வாய்ச்சண்டை என்றால் நான் ஒதுங்கிக்கொள்வேன், உங்களுக்குப் பசி எடுக்கும். அன்று நான்கு ரொட்டி சாப்பிட்டீர்கள்.

பிறகு தலவில தேவாலயத் திருவிழாக் காலம் வந்தது. புத்தளத்தில் தையலுக்குத் துணி எடுத்துக்கொண்டு வந்தோம். தலவில சந்தியில், வலப்பக்கக் கடைக்கு நீங்கள் திருப்பும்போது, பின்னாலிருந்து முந்திக்கொண்டு வந்த வான் வண்டி மோதியது. கை முறிந்த உங்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். பொலிஸில் நான் தனியாக இருந்தேன். கண்டதைச் சிங்களத்தில் சொன்னேன். சந்தையில் பழகிய சிங்களம் அது, பேச வரும், ஓர் எழுத்தும் வாசிக்க வராது. எழுதியவர் காட்டிய இடத்தில் கையொப்பம் வைத்தேன். தமிழில் எழுதுங்கள் என்று கேட்கவில்லை, வாசித்துக் காட்டுங்கள் என்றும் கேட்கவில்லை. இரண்டையும் கேட்கலாம் என்று நீங்கள் எனக்கு எத்தனை தரம் சொல்லியிருப்பீர்கள்!

வழக்கன்று மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் வாசித்தபோதுதான் எனக்கு உயிரே போனது. நீங்கள் சிக்னல் போடாமல் திருப்பினீர்கள் என்று அதில் இருந்தது. நான் அப்படிச் சொல்லவே இல்லை.

"இது நீங்கள் சொன்னதுதானா?" என்று நீதவான் கேட்டார்.

நீங்கள் திரும்பி என்னைப் பார்த்தீர்கள். இல்லை என்றால் என்னைப் பொய்க்காரி என்று உள்ளே போட்டுவிடுவார்களோ என்று பயந்தேன். "ஓம்" என்றேன்.

லைசன்ஸ் ஆறு மாதத்துக்குப் போனது. "பொம்பிள ஓட்டினா இப்பிடித்தான்" என்று ஊரெல்லாம் கதை. உங்கள் கணவர் ஸ்கூட்டியை விற்றபோது, வரிசையில் நின்று சட்டம் பேசிய நீங்கள் ஒரு சொல் பேசவில்லை. வழக்கு முடிந்து திரும்பி வந்த பஸ்ஸில் நான் அழுதபோது, "அழாத புள்ள. பயந்திட்டாய், வேற என்ன" என்றீர்கள். என்னைத் திட்டியிருக்கலாம் ராத்தா. அதன் பிறகும் நோன்புக்கு எனக்குக் கஞ்சி அனுப்பினீர்களே, அதைக் குடிக்கத்தான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

போன மாதம் நெஞ்சு வருத்தம் வந்து மௌத்தாகி, எங்களை விட்டுப் போனீர்கள். ஜனாஸா வீட்டில் ஒரு மனுசி, "நல்ல பொம்பிள. அந்த எக்சிடன்ட்தான் பேரக் கெடுத்திச்சி" என்றாள். உங்கள் மகள் தலையைக் குனிந்துகொண்டாள். பக்கத்தில் இருந்த நான் அப்போதும் வாய் திறக்கவில்லை.

நாளை அவளைக் கூப்பிட்டிருக்கிறேன். நேரில் கண்டால் எனக்கு நா எழாமல் போகலாம். அதனால் அவள் கையில் கொடுக்க இதைத் தமிழில் எழுதிக் கையொப்பம் வைக்கிறேன். சந்திக்கு முன்பே நீங்கள் சிக்னல் போட்டீர்கள். வேகத்தைக் குறைத்தீர்கள். கண்ணாடியில் பார்த்தீர்கள். பிறகுதான் திருப்பினீர்கள். நான் பின்னால் இருந்து பார்த்தேன், ராத்தா.