அதிமதுரமும் உன் மாத்திரையும்

போடிநாயக்கனூர்
14.10.2025

அன்பு மகள் பானுப்பிரியாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அம்மாவும் நல்ல நடமாட்டத்தோடு சுகமாக இருக்கிறோம், அங்கே நீயும் சுகம் என்பதை ஞாயிற்றுக்கிழமை உன் வாயாலேயே கேட்டதிலிருந்து இந்த வீட்டில் சிரிப்பு அடங்கவில்லை. ரத்த அழுத்தம் 122க்கு 78, மாத்திரையை நிறுத்த வேண்டாமென்று டாக்டரம்மா சொல்லிவிட்டார், நான்கு வருடமாக இழுத்துக்கொண்டிருந்த ஆராய்ச்சிக் கட்டுரையையும் முடித்துக் கொடுத்துவிட்டேன் என்று நீ சொன்னதும், உன் அம்மா போனைக் கையில் பிடித்தபடியே தெருவில் இறங்கி நான்கு வீட்டுக்குச் சொல்லப் போய்விட்டாள், நீ அந்தப் பக்கம் ஹலோ ஹலோ என்று கத்திக்கொண்டிருந்திருப்பாய். மலைத் தோட்டத்திலும் இந்த வருடம் மழை கைகொடுத்து ஏலக்காய் நன்றாகப் பிடித்திருக்கிறது, போடிமெட்டுக்குப் போகிற ஜீப்பில் எனக்கு முன்சீட்டு கொடுத்து, கட்டுரை எழுதுன பிள்ளையோட அப்பா வர்றாரு, தள்ளி உக்காருங்க என்கிறார்கள். நான் ஒன்றும் வேண்டாமென்று சொல்லவில்லை.

இவ்வளவு சந்தோஷத்திலும் என் மனக்குறையை எழுதாமல் விட மாட்டேன். போனில் பேசினால் உன் அம்மா குறுக்கே பேசுவாள், ஆகையால்தான் கடிதம். கவனம் ஓரிடத்தில் நிற்காத அந்த ஏடிஹெச்டிக்கு மாத்திரை ஆரம்பித்ததை அவளிடம் அன்றைக்கே சொன்னாய், என்னிடம் ஆறு மாதம் கழித்துச் சொன்னாய். ஐந்தாவதோடு நின்றவன்தான், ஆனால் நீ படம் எடுத்து அனுப்பிய அந்த மாத்திரைத் தாளை அகராதியை வைத்துக்கொண்டு கடைசி வரி வரை படித்தவன் நான். நெஞ்சு படபடக்கும், ரத்த அழுத்தம் கூடலாம், பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அதிலேயே போட்டிருக்கிறது. அதைப் படித்துவிட்டுத்தான் இந்த மாத்திரையே வேண்டாமென்று உன்னிடம் சொன்னேன், நீ கேட்கவில்லை. ஜூன் மாதம் உனக்கு 158க்கு 100 என்று ஏறி, இறங்காவிட்டால் மாத்திரையை நிறுத்துவோம் என்று உன் டாக்டரம்மா சொன்னபோது, நான் சொன்னதுதானே நடந்தது என்று இரண்டு நாள் எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்கூட இருந்தது. மூன்றாம் நாள் நீ போனில் உன் அம்மாவிடம், இதை நிறுத்துனா பழையபடி ஆயிருவேம்மா, கடைசி அத்தியாயம் அப்படியே நிக்குது என்று அழுதது பக்கத்தில் இருந்த எனக்கும் கேட்டது. அதற்குப்பின் அந்தச் சந்தோஷம் இல்லை.

மாத்திரை மேல்தான் குற்றம் என்று உறுதி செய்துகொள்ள, எனக்கு ரத்த அழுத்தம் பார்க்கும் தேனி டாக்டரிடம் அந்தத் தாளைக் கொண்டுபோனேன். அவர் தாளை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். ஆறு வருசமா உங்களுக்கே இறங்க மாட்டேங்குதே பெரியவரே, மாத்திரை போக வேற என்ன சாப்பிடுறீங்க என்றார். ஒன்றுமில்லை என்றேன். நான் பொய் சொல்லவில்லை, நாம் குடிக்கிற தண்ணீரை யார் மருந்து என்று கணக்கில் எடுப்பார்கள். பின்னால் நின்ற உன் அம்மா, தினம் ஒரு சொம்பு அதிமதுரம் காய்ச்சிக் குடிக்கிறாரு சார், மகளுக்கு அந்த ஊருக் குளிர்ல தொண்டை கட்டுதுன்னு அதே பொடியத்தான் கிலோக் கணக்குல அனுப்பியிருக்காரு என்று போட்டுக்கொடுத்துவிட்டாள். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். தினமும் அப்படிக் குடித்தால் அதிமதுரமே ரத்த அழுத்தத்தை ஏற்றும், உடம்பில் பொட்டாசியத்தைக் குறைத்து இதயத் துடிப்பையும் கெடுக்கும், உன்னுடைய மாத்திரையோடு சேர்ந்தால் இரட்டைச் சுமை என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் சொன்னது தப்பு என்று காட்டுவதற்காகவே நிறுத்தினேன், மூன்றே வாரத்தில் 132க்கு 84 என்று வந்து நிற்கிறது, என்ன செய்யச் சொல்கிறாய். அதற்கெல்லாம் காத்திராமல் உன் அம்மா ஆஸ்பத்திரி வாசலிலேயே உனக்குப் போன் போட்டுவிட்டாள், நீயும் அன்றைக்கே பொடியை நிறுத்திவிட்டாய், அவள் செய்தது சரி என்றாலும் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். சவுகத் அலியின் நாட்டு மருந்துக் கடையில் போய்ச் சத்தம் போட்டேன். அவர் டீ வாங்கிக் கொடுத்து, அண்ணே, நான் வித்தது வெறும் வேர்ப்பொடிதான், இஷ்டம்போல் குடிக்கவும்னு எங் கடையில உக்காந்து பொட்டலத்து மேல எழுதுனது நீங்கதானே என்று சிரிக்கிறார். எழுதியது நான்தான். உன் டாக்டரம்மா கேட்டபோது நீயும் வேறொன்றும் சாப்பிடவில்லை என்றாயாமே, என் மகள் வேறெப்படிச் சொல்வாள்.

இனிமேல் வீட்டிலிருந்து எது வந்தாலும் டாக்டரம்மாவிடம் காட்டிவிட்டுத் தொடு. ரத்த அழுத்தம் அளக்கும் முன் காப்பி குடிக்காதே, ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து கையை மேஜைமேல் வைத்து அள. உன் பெரியப்பா பால்சாமி ஐம்பத்திரண்டு வயதில் நெஞ்சுவலியில் போனதையும் மறைக்காமல் டாக்டரம்மாவிடம் சொல். நெஞ்சு வலித்தாலோ மயக்கம் வந்தாலோ எங்களுக்குப் போன் போட்டுக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடு. மீதிப் பொடி இருந்தால் குப்பையில் போடு, யாருக்கும் தானம் செய்யாதே. நம் குலசாமி உன் நெஞ்சுக்கும் புத்திக்கும் காவல் நிற்கும், பட்டம் வாங்கி நூறு வயது நன்றாக இரு தாயி. கடைசியாக ஒன்று. இத்தனை நாள் அந்த மாத்திரையை என் பேச்சை மீறிச் சாப்பிட்டாய், இனி அப்படிச் சாப்பிடக் கூடாது, அப்பா சொல்லித்தான் சாப்பிடுகிறேன் என்று நினைத்துச் சாப்பிடு. டாக்டரம்மா நிறுத்தச் சொன்னால் நிறுத்து. நான் சொன்னால் நிறுத்தாதே.

இப்படிக்கு,
உன் அப்பா
பெ. மொக்கையன்