கடலில் விழுந்த வைகுண்டம்

கைலாசபுரம், திருச்சி
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அல்ஷிஃபாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஷா ஆலமில் நீயும் உன் வீட்டுக்காரரும் குட்டிப்பயலும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நாங்கள் எல்லோரும் நலம். வாட்ஸ்அப் இருக்கும்போது எதற்குக் காகிதம் என்று நினைப்பாய். அதில் நான் எவ்வளவு நீளமாக எழுதினாலும் நீ ஒரு கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போய்விடுகிறாய். அதனால்தான் உன் அம்மா மலேசியாவுக்கு விமானம் ஏறப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், மணப்பாறை முறுக்கோடு இதையும் பாலக்கரைக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட முடிவு செய்தேன். வழியில் பிரித்துப் படிப்பார்கள் என்று தெரியும். ஆகவே அவர்களுக்கும் புரிகிற மாதிரியே எழுதுகிறேன். அம்மா, வணக்கம்.

என் அப்பாவுக்குத் தொழிற்சாலையில் ஷிஃப்ட் மாறிவிட்டது. பகலெல்லாம் வீட்டில் உட்கார்ந்து அம்மாவின் சாம்பாரில் குறை கண்டுபிடிக்கிறார். அம்மா அவரை மறுபடி பகல் ஷிஃப்டுக்கே அனுப்பச் சொல்லி மேலதிகாரிக்கு மனுப் போடப்போவதாக மிரட்டிக்கொண்டிருக்கிறாள். மற்றபடி வீடு அமைதிதான்.

நம் ஒலிவழியில் எனக்கு ஒரு புது வேலை கொடுத்திருக்கிறார்கள். (அம்மா, ஒலிவழி என்பது கணினியில் இருப்பதைப் பார்வையில்லாதவர்களுக்குப் படித்துக் காட்டும் மென்பொருள். அதற்கு விலை கிடையாது, முதலாளியும் கிடையாது. பல நாட்டுக்காரர்கள் அவரவர் வீட்டிலிருந்தே அதைத் திருத்தித் திருத்தி வளர்க்கிறார்கள். உங்கள் மகளும் அவர்களில் ஒருத்தி. ஒருத்தி என்றுதான் நான் இன்னும் எழுதுகிறேன்.) யார் எந்த ஊரில் இருந்துகொண்டு இதைச் செய்கிறார்கள் என்று ஓர் உலக வரைபடம் போட வேண்டும். கடந்த ஓராண்டில் ஒரு திருத்தமாவது அனுப்பியவர்களுக்கு ஆளுக்கொரு புள்ளி. அவரவர் ஒலிவழியில் தமக்குள்ள பக்கத்தில் எழுதிவைத்திருக்கும் ஊர்ப்பெயரைப் பார்த்துக் கணினி நிரல் புள்ளியைத் தானே வைத்துவிடும். இந்த மாதக் கடைசியில் வெளியிடுகிறோம்.

உன் புள்ளி பாலக்கரையில் இருக்கிறது. நீ கடைசியாக அனுப்பிய திருத்தத்துக்கு இந்த மாதத்தோடு ஓராண்டு முடிகிறது. அதற்குள் நீ எதுவும் அனுப்பாவிட்டால் அந்தப் புள்ளி போய்விடும். நான் எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

இந்த வரைபடம் அடிக்கிற கூத்தைச் சொன்னால் சிரிப்பாய். நம் ஆசீர் இருக்கிறானே, பொன்மலை ரயில்வே குடியிருப்பில் இருக்கிறேன் என்று சொல்லாமல் பெருமையாக ‘கோல்டன் ராக்’ என்று எழுதிவைத்திருக்கிறான். நிரல் அவனைக் கொண்டுபோய்ப் பர்மாவில் ஒரு புத்தர் கோயில் வாசலில் நிறுத்திவிட்டது. ஒரு பிரேசில்காரர் ஊர் என்ற இடத்தில் ‘சோபா’ என்று எழுதியிருக்கிறார். இப்படி அடையாளம் தெரியாதவர்களையெல்லாம் நிரல் ஆப்பிரிக்காவுக்குப் பக்கத்துக் கடலில் ஒரே இடத்தில் தள்ளிவிடுகிறது. அவர்களை ஒவ்வொருவராகக் கரையேற்றுவதும் என் பாடு.

அப்படித் தள்ளப்பட்டவர்களில் ஒருவர் யார் தெரியுமா? அடியென்!

ஆமாம், நம் அடியென்தான். நம் திருத்தங்களையெல்லாம் பார்த்துச் சரி, தப்பு சொல்கிற அந்தத் துருக்கிக்காரர். பெயரை ஆங்கிலத்தில் பார்த்துத் துருக்கி என்று நாமே முடிவு கட்டி, நீ அவருக்கு மீசைகூட வரைந்தாயே. அவர் ஊர் என்ற இடத்தில் ஆங்கில எழுத்தில் எழுதியிருந்தது: ‘பூலோக வைகுண்டம்.’ நான் வாய்விட்டுப் படித்ததும் அடுப்படியில் இருந்த என் அம்மா, “ஸ்ரீரங்கத்தைப் பத்தி என்ன?” என்று கேட்டாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அது அடியென் இல்லையடி, அடியேன். பெருமாள் கோயில்காரர்கள் தங்களைச் சொல்லிக்கொள்கிற அடியேன். ஜெர்மனியிலும் ஜப்பானிலும் இருப்பவர்கள் இத்தனை காலமாக மரியாதையோடு ‘டியர் மிஸ்டர் அடியேன்’ என்று எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

உடனே தமிழில் ஒரு வரி போட்டேன். பதில் அப்போதே வந்தது: சித்திரை வீதி, பெயர் ரஞ்சனி, எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்று.

போன ஞாயிற்றுக்கிழமை போனேன். மறைக்காமல் சொல்கிறேன், சண்டை போடத்தான் போனேன். சத்திரம் பஸ் நிலையத்தில் பஸ் மாறி, காவிரிப் பாலத்தைத் தாண்டும் வரைக்கும் மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன். வயிற்றில் பிள்ளையோடு நீ இரண்டு வாரம் உட்கார்ந்து செய்த அந்தக் கடைசித் திருத்தத்தை, “நாட் கரெக்ட். டூ அகெயின்” என்று முகத்தில் அடித்தாற்போல் திருப்பி அனுப்பிய மனுஷியல்லவா. அன்றைக்கு நீ போனில் அழுததை நான் மறக்கவில்லை. அதோடு நீ ஒலிவழிப் பக்கமே வரவில்லை.

கதவைத் திறந்தவள் நம் வயதுக்காரி. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். “வாங்கோ வாங்கோ, மொதல்ல காபி” என்று உள்ளே அழைத்துப் போனாள். காபியைக் குடித்துவிட்டுச் சண்டை போடுவது கஷ்டம், அல்ஷிஃபா. இருந்தாலும் அந்த வரியை எடுத்துக் காட்டிக் கேட்டேன். அவள் முகம் வாடிவிட்டது. “ரொம்ப நன்னா இருக்கு, ஒரு சின்ன எடத்தை மட்டும் பாத்துட்டு மறுபடி அனுப்பிடுங்கோன்னுதான் சொல்ல நெனச்சேன். நேக்கு இங்கிலீஷ்ல மரியாதையா எழுத வராது. அதான் ரெண்டு வார்த்தைல முடிச்சுடுவேன்” என்றாள். உன் பெயரைப் பார்த்து உன்னை எகிப்துக்காரி என்று நினைத்திருக்கிறாள். உன் பக்கத்தில் பாலக்கரை என்று இருப்பதை அவள் பார்த்ததே இல்லையாம்! நடுவில் ஒரு காவிரி, அவ்வளவுதான் தூரம். தமிழில் ஒரு வரி எழுதியிருந்தால் இரண்டு பேரும் சிநேகிதிகள் ஆகியிருப்பீர்கள்.

அந்தச் சின்ன இடம் என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெயருக்கு முன்னால் தலைப்பெழுத்து வந்தால் ஒலிவழி அங்கே வாக்கியம் முடிந்துவிட்டதாக நினைத்து மூச்சு வாங்கும். ஒற்றை எழுத்துக்குப் பின்னால் புள்ளி வந்தால் நிற்காதே என்று நீ திருத்தினாய். சரிதான். ஆனால் தமிழில் ஒற்றை எழுத்தே சொல்லாகவும் வருமே. ‘அவன் வாங்கி வந்தது பூ. மாரியாயி சிரித்தாள்’ என்று இருந்தால், பூ. மாரியாயி என்று யாரோ ஒரு அம்மாளைப் படித்துவிடுகிறது. தப்பு அவ்வளவுதான்.

அதைக் கண்டுபிடித்தது ரஞ்சனியின் அண்ணன் ஹரிஹரசுதன். வங்கியில் வேலை பார்க்கிறார். பார்வை கிடையாது. ஒவ்வொரு திருத்தத்தையும் முதலில் அவர் காதுதான் சோதித்துப் பார்க்கிறது. அவருடைய தலைப்பெழுத்து ‘வெ.’ வருகிற கடிதமெல்லாம், “வெ... ன்னு பழிப்புக் காட்டிட்டு அப்பறந்தான் என் பேரைச் சொல்றது” என்று சிரித்தார். உன் திருத்தம் என்றைக்கு வரும் என்று இந்த ஒரு வருஷமாகத் தங்கையைக் கேட்டுக்கொண்டிருக்கிறாராம்.

ரஞ்சனியின் புள்ளியைக் கடலிலிருந்து தூக்கி ஸ்ரீரங்கத்தில் வைத்துவிட்டேன். ஊர்ப்பெயரை மாற்றவில்லை, வைகுண்டம் என்றே இருக்கட்டும் என்கிறாள்.

உன் விஷயத்துக்கு வருகிறேன். போன முறை பேசும்போது, “எனக்கு இதெல்லாம் வராதுடி பானு, பால் பாட்டில் கழுவவே நேரம் சரியா இருக்கு” என்றாய். பாட்டில் கழுவுவது எனக்குப் புரிகிறது. உனக்கு வராது என்பதைத்தான் என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. ஷா ஆலம் என்று எழுது, பாலக்கரை என்று எழுது, புள்ளியை அங்கே வைக்கிறேன். திருத்தத்தை அனுப்பாமல் மட்டும் போய்விடாதே. உன்னை வரைபடத்திலிருந்து எடுக்கிற கை என்னுடையதாக இருக்கக் கூடாது.

அந்த ஒரு இடத்தைச் சரிசெய்ய ரஞ்சனிக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அன்றைக்கே உட்கார்ந்து முடித்திருப்போம். ஹரிஹரசுதன்தான் தடுத்துவிட்டார். “இத்தனை நாள் பொறுத்தாச்சு. நாம தொட வேண்டாம். அவாளே வந்து பண்ணட்டும்” என்றார். நாங்கள் தொடவில்லை.

குட்டிப்பயல் நோய்நொடி இல்லாமல் வளரட்டும். இந்த வாரம் மட்டுமாவது அவன் மத்தியானத்தில் நன்றாகத் தூங்கட்டும் என்று நானும் வேண்டிக்கொள்கிறேன், உன் அம்மாவையும் துஆ செய்யச் சொல்லியிருக்கிறேன்.

என்றும் உன் அன்பு,
பானுப்ரியா