சுவரின் வலது மூலையில் யார் பெயர்?

அனுப்புநர்:
கு. பச்சியப்பன்,
ஆர்ட்டிஸ்ட் மற்றும் போர்டு எழுதுபவர்,
சந்தை எதிரில், இண்டூர்,
தருமபுரி மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு துணைப் பதிவாளர் அவர்கள்,
கூட்டுறவுச் சங்கங்கள்,
தருமபுரி.

பொருள்: எங்கள் ஊர் புளி உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கத்தின் புதுக் கட்டடச் சுவரில் நான் வரைந்த சின்னத்தின் கீழே, கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் என் சகலையின் பெயரை என் கையாலேயே எழுதச் சொல்வதை நிறுத்தி நியாயம் வழங்கக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தாங்கள் என்னை அறியாமல் இருக்க வாய்ப்பில்லை. தருமபுரி பஸ் நிலையத்திலிருந்து தங்கள் அலுவலகம் வரை கண்ணில் படும் போர்டுகளில் பாதி நான் எழுதியவை. மீதி, என்னுடையதைப் பார்த்து எழுதியவை. படிப்பு ஐந்தாவது வரைதான். ஆனால் உயர்நிலைப் பள்ளியின் கரும்பலகைகளுக்கெல்லாம் கறுப்பு அடித்தவன் நான் என்பதால், அங்கே படித்த அத்தனை பேரும் என் கைவேலையைப் பார்த்துப் படித்தவர்களே. அதியமான்கோட்டையில் ஒரு லாரியின் பின்புறம் நான் வரைந்த புலியைக் கண்டு, பின்னால் வந்த பஸ் ஓசூர் வரை முந்தாமலே போனதாக அந்த டிரைவரே வந்து சொன்னார். கன்னடத்திலும் எழுதுவேன், படிக்கத்தான் தெரியாது. இதையெல்லாம் பெருமைக்காகச் சொல்லவில்லை, தங்கள் தகவலுக்காகச் சொல்கிறேன்.

2. எதிர்மனுதாரர் திரு. அ. மாரியப்பன் என் மனைவி குள்ளம்மாளின் தங்கை கணவர். பெங்களூரில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வேலை. ஆள் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். மாட்டு வண்டியில் ஏறி இறங்கினாலும் பேண்ட் இஸ்திரி கலையாது, அது ஒன்றுதான் அவரிடம் எனக்கு ஆகாது. மற்றபடி, கலியாணத்தன்று வாசலில் ஒரு கோலப்புள்ளி வைக்கச் சொன்னால் அதைக்கூடக் கோணலாக வைத்தவர் அவர் என்பதற்கு எங்கள் மாமியார் ஊரே சாட்சி.

3. சங்கத்துக்கு ஒரு சின்னம் வேண்டும் என்று தலைவர் அறிவித்தபோது, நான் ஒரு வாரம் கடை திறக்காமல் வரைந்து கொடுத்தேன். அதில் புளிய மரம் இருந்தது, உதயசூரியன் இருந்தது, உலுக்குகிற ஆள், பொறுக்குகிற பெண், ஏர், எருது, தூரத்தில் வத்தல்மலை, சுற்றிலும் சங்கத்தின் முழுப்பெயர் எல்லாம் இருந்தன. எருதின் கண்ணில் கண்ணீர்கூடத் தெரியும். மாரியப்பன் ஒரு காகிதத்தை நீட்டினார். அதில் வளைந்த ஒற்றைப் புளியங்காய், உள்ளே மூன்று கொட்டை, அவ்வளவுதான். இதற்கு லோகோ என்று பெயராம். தலைவர் இரண்டையும் புளிச் சாக்கில் குத்தும் முத்திரை அளவுக்குச் சின்னதாக்கிப் பார்த்தார். என்னுடையது மசி கொட்டியது போல ஆகிவிட்டது. அது மசியின் குற்றம்.

4. தருமபுரியில் அச்சகம் வைத்திருக்கும் கவுஸ் பாஷா அவர்களிடம் முறையிட்டேன். தொழில் தெரிந்தவர். அவரே, "பச்சியப்பண்ணா, கோவிச்சுக்காதீங்க. உங்களுது கல்யாண ஊர்கோலம். அவரு குடுத்தது மாப்பிள்ளை மட்டும். சின்னத்துக்கு மாப்பிள்ளை போதுங்க" என்று சொல்லிவிட்டார். மாப்பிள்ளை தனியாக வந்து நின்றால் எவன் பெண் கொடுப்பான் என்று கேட்டேன்.

5. அந்த இயந்திரத்தில் அப்படி என்னதான் இருக்கிறது என்று பெங்களூருக்கே போனேன். செருப்பை வெளியே விட வேண்டும், உள்ளே குளிர்மிஷின், யாரும் சத்தமாகப் பேசுவதில்லை. திரையில் ஒரு கோடு தானாக நகர்ந்தது. எலி போன்ற ஒரு பெட்டியைத் தேய்த்தால் கோடு வருகிறது. ஒரே ஒரு தடவை தொட்டுப் பார்க்கிறேன் என்றேன். அத்தனை பேர் முன்னிலையில், "அண்ணா, கை கழுவிட்டு வாங்க" என்றார் மாரியப்பன். என் கை சுத்தமாகத்தான் இருந்தது, ஐயா. நகத்தில் இருக்கும் பெயிண்ட் முப்பது வருடமாக அங்கேயே இருப்பது; கழுவினால் போகாது. நான் தொடாமலே அடுத்த பஸ் ஏறிவிட்டேன்.

6. இனிதான் முக்கிய விஷயம். அந்தப் புளியங்காயைப் புதுக் கட்டடச் சுவரில் எட்டடிக்கு வரைய என்னையே கூப்பிட்டார்கள். தலைவர், "பேப்பர்ல எப்படி இருக்குதோ அச்சு அசலா அப்படியே வரணும். உங்க சொந்தச் சரக்கு ஒண்ணும் வேணாங்க" என்று உத்தரவு போட்டார். சரி என்று கவுஸ் பாஷாவின் லென்ஸை வாங்கிக் காகிதத்தைப் பார்த்தேன். வளைவு வளைவாகவே இல்லை. ஓரமெல்லாம் படிப்படியாக, செங்கல் அடுக்கினது போல இருந்தது. பாஷாவைக் கேட்டதற்கு, சாஃப்ட்வேரில் இரண்டு சாதி உண்டு என்றார். ஒன்று புள்ளி வைத்து வரைவது, இன்னொன்று கோடு இழுத்து வரைவது. புள்ளி வைப்பதைப் பெரிதாக்கினால் படி விழும், கோடு இழுப்பதை எவ்வளவு பெருக்கினாலும் விழாது. சின்னத்துக்கு எடுக்க வேண்டியது கோட்டுச் சாதி. என் சகலை எடுத்தது புள்ளிச் சாதி. அவருக்குப் புள்ளி ராசி எப்போதும் இப்படித்தான்.

7. தூரிகையை ஒரு இழுப்பு இழுத்தால் வளைவை நான் வழுவழுப்பாக்கியிருப்பேன். ஆனால் உத்தரவு உத்தரவுதானே? சுவரில் கட்டம் போட்டு, தூக்குக்குண்டு தொங்கவிட்டு, நூல் பிடித்து, ஒரு படி விடாமல் அப்படியே வரைந்தேன். ஊரார் வந்து பார்த்து, "ஏனுங் மாமா, இது புளியங்காயா, மச்சுப்படியா?" என்று சிரித்தார்கள். சிரிக்கட்டும், பெங்களூர்ச் சரக்கு என்று சொன்னேன். அன்று இரவு எனக்கு நல்ல தூக்கம் என்பதை மறைக்கவில்லை.

8. மறுவாரம் சென்னையிலிருந்து புளி வாங்க வந்த ஒரு பெரிய வியாபாரி காரை நிறுத்தி இறங்கினார். அந்தப் படிகளைத் தடவிப் பார்த்தார், போட்டோ எடுத்தார். இப்படிப்பட்ட நவீன சின்னம் பட்டணத்திலேயே கிடையாது, அழகே அந்தப் படிகள்தான் என்று தலைவரிடம் சொன்னார். உடனே மாரியப்பனுக்குத் தந்தி போனது. சங்கத்தில் அவருக்குத் துண்டு போர்த்தினார்கள். நான் அப்போது ஏணி மேல் இருந்தேன். மாமியார் வீட்டில் கோழி அடித்தார்கள். அவர் இலையில் கால், மூத்த மருமகனான என் இலையில் கழுத்து. "நீங்க தெனமும் இங்கதான இருக்கீங்க, சின்ன மாப்ள எப்பவோ ஒருக்கா வராரு" என்று மாமியார் சின்னம்மாள் சமாதானம் சொன்னார். தினமும் இருப்பவனுக்கு எப்போதுமே கழுத்துதானா என்பதைத் தங்கள் மேலான யோசனைக்கே விட்டுவிடுகிறேன்.

9. இப்போது தலைவர், சுவரின் வலது மூலையில் "சின்னம் அமைத்தவர்: அ. மாரியப்பன், பெங்களூர்" என்று எழுதும்படி சொல்கிறார். காகிதத்தில் அந்தச் சின்னம் நாலு விரல் அகலம். அதில் படி வெறும் கண்ணுக்குத் தெரியாது. சென்னைக்காரர் தடவிப் பார்த்தது என் நூலும் என் தூரிகையும் போட்ட படி. தப்பான சாஃப்ட்வேர் எடுத்தவருக்குத் துண்டு; அந்தத் தப்பை ஒரு நூல் பிசகாமல் எட்டடிக்கு ஏற்றியவனுக்கு ஏணி. இது எந்தச் சட்டத்தில் இருக்கிறது?

10. இதைப் பொறாமை என்று என் வீட்டாரே பேசுகிறார்கள். "ஒரு பேர் எழுதறதுக்கு இத்தனை பொகைச்சலா?" என்கிறாள் குள்ளம்மாள். பொறாமை இல்லை, ஐயா. வயிறு எரிகிறது, அவ்வளவுதான்.

ஆகவே தாங்கள் இரக்கம் கூர்ந்து,

அ) அந்த மூலையில் என் பெயரை, அல்லது இருவர் பெயரையுமாவது, மூத்தவன் முதலில் என்ற முறைப்படி எழுத உத்தரவிடவும்;

ஆ) இனி எந்தச் சங்கத்துக்குச் சின்னம் அமைத்தாலும், கம்ப்யூட்டர் என்றவுடன் மயங்காமல் எந்தச் சாதி சாஃப்ட்வேர் என்று கேட்கவும், சாக்கு முத்திரையில் எப்படி விழும், சுவரில் எப்படி நிற்கும் என்று முதலில் கையால் வரைந்து பார்க்கவும் சுற்றறிக்கை அனுப்பவும்;

இ) என்னை ஒரே ஒரு நாள், மாரியப்பன் பக்கத்தில் இல்லாதபோது, அந்த இயந்திரத்தின் முன்னால் உட்கார அனுமதி வாங்கித் தரவும் வேண்டுகிறேன். கை கழுவிக்கொண்டே வருகிறேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை திறப்பு விழா. மூலையில் வெள்ளையடித்து அப்படியே விட்டிருக்கிறேன், ஏணியும் சாய்ந்தபடி நிற்கிறது. விசாரித்துவிட்டு மாரியப்பன் பெயர்தான் என்று தாங்கள் உத்தரவிட்டால், அதற்கும் கட்டுப்படுவேன். அவர் பெயரைக் கோணலாக எழுதிவிட்டால் என்ன என்று ஒரு பழைய தகரத்தில் எழுதிப் பார்த்தேன். எத்தனை முறை முயன்றும் என் கை கோணவில்லை. என் பெயரைவிட அவர் பெயர் அழகாக விழுகிறது. அதனால்தான் ஐயா, தங்கள் உத்தரவு வெள்ளிக்கிழமைக்கு முன்னால் வந்துவிட வேண்டும் என்று இவ்வளவு கெஞ்சுகிறேன்.

இடம்: இண்டூர்
நாள்: 6-3-1989

தங்கள் உத்தரவுக்கு ஏணியடியில் காத்திருக்கும்,
(ஒப்பம்) கு. பச்சியப்பன், ஆர்ட்டிஸ்ட்