வாலெலும்பின் மறுபாதி

கல்லூரியில் எங்கள் துறை அறைக்குப் புதிதாக உட்கூரை போடுகிறார்கள். இன்று காலை கதவைத் திறந்ததும் ஈரப் பிளாஸ்டர் வாசனை முகத்தில் அடித்தது. பையை மேசையில் வைத்தேன், உட்கார முடியவில்லை. வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றேன். வகுப்பு மணி அடித்தும் நகரவில்லை.

உனக்கு அந்த வாசனை பிடிக்கும். கல்லமேட்டுப் பக்கத்து ஓடையில் நீதான் பிளாஸ்டரைக் கரைத்தாய். சாக்குத்துணியைக் கீறி அதில் முக்கி, எலும்பு உடையாமலிருக்க நான் சுற்றிக் கட்டினேன். நம்மோடு நிலவியல் படித்தவர்களெல்லாம் கல்லை மறந்து எங்கெங்கோ போன பிறகும், சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வேலை பார்த்துக்கொண்டு நீயும் பெரம்பலூரில் பாடம் நடத்திக்கொண்டு நானும் ஞாயிற்றுக்கிழமைகளை விடவில்லை. இந்த மண்ணில் கிடைப்பதில் பெரும்பாலும் பழைய கடலின் சிப்பிகள். தரையில் நடந்த விலங்கின் எலும்பு அபூர்வம். அன்றைக்குக் கிடைத்தது.

ஓடையை ஒட்டிய சோளக்காட்டுக்காரர் நம்பவில்லை. "அது மரம்மா. எங்க காட்டுல கல்லாப் போன மரம் எம்புட்டோ கெடக்கு" என்றார். நீ உதிர்ந்த துண்டொன்றை எடுத்து நாக்கில் வைத்தாய். எலும்பின் நுண்துளைகள் ஈரத்தை இழுக்கும், நாக்கில் ஒட்டிக்கொள்ளும். "ஒட்டுது புள்ள! நீயும் வெச்சுப் பாரு" என்றாய். அவர் நம் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "பசிச்சா வூட்டுக்கு வாங்கம்மா, கூழு இருக்கு" என்றார். நீ சிரித்த சிரிப்பில் பிளாஸ்டர் வாளி கவிழ்ந்தது.

என் ஆய்வகத்தில் வைத்துச் சுத்தம் செய்தோம். டைனோசரின் வால் முள்ளெலும்பு, அதிலும் முன்பாதி மட்டும். முன்முகத்தில் லேசான குழி. பின்முகம் பந்துபோலப் புடைத்திருந்தால் இலை தின்னும் நீள்கழுத்து விலங்கு என்று சொல்லியிருக்கலாம். இல்லையென்றால் ஊன் தின்பதாக இருக்கலாம். அந்தப் பின்முகம்தான் இல்லை. ஆனால் நான் முடிவுகட்டிவிட்டேன். ஊன் தின்னி, அதுவும் யாரும் கண்டிராத புது இனம். பெயரும் வைத்து, கட்டுரையும் எழுதி உன்னிடம் நீட்டினேன். நீ நின்றபடியே படித்தாய்.

"கெடச்ச பாதிய வெச்சுக்கிட்டு கெடைக்காத பாதிக்குப் பேரு வெக்கிறியா?"

"எல்லாரும் அப்படித்தான் வெக்கிறாங்க. ஒத்தப் பல்லுக்கெல்லாம் பேரு இருக்கு."

"வெச்ச பேர எத்தன தடவ பெறகு எடுத்திருக்காங்க, உனக்கே தெரியும். ஞாயித்துக்கெழம போவோம். மிச்சம் அங்கதான் கெடக்கும்."

நான் வரவில்லை. தலைவலி என்று செய்தி அனுப்பினேன். தலைவலி இல்லை, கோபம். நான் இல்லாமல் தோண்ட மனமில்லாமல் நீயும் போகவில்லை. அடுத்த ஞாயிறும் நான் வராமல்போக, நீ தனியாகப் போனபோது மழை முந்திக்கொண்டிருந்தது. கரையில் நின்று போன் செய்தாய். "ஓடை போவுது புள்ள. நாம தோண்டுன எடமே இல்ல." உன் குரலில் குறை இல்லை. அதுதான் இன்னும் அறுக்கிறது.

பிறகு உன் நோய். அதை நீ சொன்னதே தாமதமாகத்தான். திருச்சி ஆஸ்பத்திரியில் பேச்சு குறைந்திருந்த ஒரு மதியம் கேட்டாய்: "தேடுனியா?" தேடிக்கிட்டுதான் இருக்கேன் என்றேன். அந்த மழைக்குப் பிறகு ஒருமுறைகூட நான் அந்த ஓடைக்குப் போயிருக்கவில்லை. நீ தலையசைத்துக் கண்ணை மூடிக்கொண்டாய். நம்பினாயா, விட்டுவிட்டாயா, தெரியவில்லை.

உன் காரியம் முடிந்த அன்று உன் வீட்டுக்காரர் என் அருகில் வந்து உட்கார்ந்தார். "அந்த மிருகத்துக்கு இவ பேர வெச்சுருங்க தங்கச்சி. அது போதும் எனக்கு." சரிங்கண்ணே என்றேன். அப்போது வேறென்ன சொல்வது? கட்டுரையில் நான் வைத்திருந்த பெயரை அழித்து உன் பெயரைப் போட்டேன். துறையில் அதைப் படித்துப் பார்த்தவர்கள் கண்கலங்கினார்கள். அஞ்சலி என்றால் யார் அந்த எலும்பின் இல்லாத பின்முகத்தைப் பற்றிக் கேள்வி கேட்கப் போகிறார்கள்? ஆனால் என்னால் ஆய்விதழுக்கு அனுப்ப முடியவில்லை. ஓராண்டுக்கு மேல் அந்த எலும்பை எடுப்பேன், அளப்பேன், விளக்கடியில் திருப்பிப் பார்ப்பேன், வைப்பேன். பார்க்காத பக்கம் பார்க்காத பக்கமாகவே இருந்தது.

போன மாதம் குரும்பலூருக்குப் போனேன். உன் வீட்டுக்காரர் காபி போட்டுக் கொடுத்தார், சர்க்கரை அதிகம். அவரிடம் சொல்லிவிட்டேன்.

"அண்ணே, பேரு வெக்க முடியாது. அது எந்த மிருகம்னே தெரியல. தெரிஞ்ச மாதிரி எழுதிருந்தேன்."

அவர் தம்ளரைக் கையில் உருட்டினார். "அவ இருந்தா என்னா சொல்லிருப்பா?"

"திட்டிருப்பாண்ணே. என்னையும், உங்களையும்."

சிரிக்க ஆரம்பித்தவர் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். நானும் அழுதேன். ஆஸ்பத்திரியில் உன்னிடம் சொன்ன பொய்யையும் சொன்னேன். துண்டை எடுக்காமலே, "அந்த எடத்த நான் பாத்ததே இல்ல. ஒரு தடவகூட அவகூடப் போவல" என்றார்.

கட்டுரையைத் திரும்ப எழுதினேன். மூன்றே பக்கம். டைனோசர், வால் முள்ளெலும்பின் முன்பாதி, இனம் தெரியவில்லை. கண்டெடுத்தவர் என்ற இடத்தில் உன் பெயர். அதை அனுப்பிவிட்டேன்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அவரும் வருகிறார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடையில் இறங்கி, ஒவ்வொன்றாய் எடுத்து "இதுவா? இதுவா?" என்கிறார். சுக்கான்கல், சிப்பி, கல்மரம். இல்லை இல்லை என்றே இதுவரை சொல்லியிருக்கிறேன். அவர் சலிப்பதில்லை. எனக்குத்தான் கால் ஓர் இடத்தில் நிற்பதில்லை. முன்பு பேர் வாங்கத் துடித்த துடிப்பு போய்விட்டது; இந்தத் துடிப்பு நீ விட்டுப்போனது, இது போகாது போலிருக்கிறது.

இதை எழுதும்போது கிழக்கே கறுத்துக்கொண்டு வருகிறது. மழை விட்டால் கரை இன்னும் கொஞ்சம் சரிந்து, உள்ளே புதைந்து கிடப்பது வெளியே தெரியும். அண்ணன் இப்போதுதான் போன் செய்தார். ஞாயிறு வரை பொறுக்க வேண்டாமாம், நாளைக்கே போகலாமா என்று கேட்கிறார்.