போன் காட்டிய எழுபத்தெட்டு

பாறசாலை,
புதன்கிழமை

அன்பான அத்தானுக்குச் சுமி எழுதுவது. மாமியும் பிள்ளையும் சுகம். மாமா பிழைத்து வீட்டுக்கு வந்துவிட்டார். முதலில் அதை மனதில் வைத்துக்கொண்டு மீதியை வாசியுங்கள்.

போனில் சொல்லத்தான் அழைத்தேன். நெஞ்சுப் பேச்சை எடுத்தாலே, "போன்ல எனக்கு நாடி எழுபத்திரண்டு ஆக்கும், நீ ஜோலியப் பாரு" என்று வைத்துவிடுகிறீர்கள். அதனால் தம்மாம் ஆஸ்பத்திரி வேலைக்குத் திரும்பும் செங்கல் ஊர் லிஜாவிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

சனிக்கிழமை எங்கள் நர்சிங் கல்லூரி, சபை மண்டபத்தில் ஒரு சோதனை வைத்தது. கேமராவில் விரல் வைத்து நாடி பார்க்கும் ஆப்கள் சரியாகக் காட்டுகின்றனவா என்று அறிய. விரல் போனில், அதே நேரம் நெஞ்சில் ஈசிஜி ஒயர். இரண்டையும் ஒத்துப் பார்ப்பது என் வேலை. நீங்கள் வைத்திருக்கும் ஆப்பும் அதில் உண்டு. பெரும்பாலோருக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் வந்தது. இடையில் ஜெஸ்னா டீச்சர் விளையாட்டாக ஏத்தன் வாழைப்பழத்தின் மேல் கேமராவை வைத்தார். அதற்கும் அறுபத்தெட்டு என்று நாடி காட்டியது. எல்லோரும் சிரித்தோம்.

ஆள் குறைந்ததால் மாமாவை நான்தான் கூப்பிட்டேன். போன் எழுபத்தெட்டு காட்டியது. ஈசிஜியில் நூற்றைம்பதுக்கு மேல், அதுவும் ஒழுங்கே இல்லாமல். ஒயரை மாற்றி ஒட்டினேன். அப்படியேதான். மணிக்கட்டைப் பிடித்தால் துடிப்பு ஓடி, நின்று, மறுபடி ஓடியது.

கார் வந்தும் ஏற மறுத்தார். போனை நீட்டி, "இதப் பாரு மக்கா, எழுபத்தெட்டு உண்டு. எதுக்கு ஆசுபத்திரி?" என்றார். சொல்லும்போதே உதடு வெளுத்தது. நானும் டீச்சரும் தாங்கி ஏற்றினோம். நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரி சேரும்வரை அவர் கையை நான் விடவில்லை.

இன்னும் தாமதித்திருந்தால் இரத்தக்கட்டி மூளைக்குப் போயிருக்கலாம் என்றார் டாக்டர். தாறுமாறான துடிப்பை அந்த ஆப் சமப்படுத்தி நல்லதுபோலக் காட்டிவிட்டதாம். மருந்தில் இப்போது அடங்கியிருக்கிறது.

வார்டில் கண் விழித்ததும் மாமா உங்களைப் பற்றிச் சொன்னது இதுதான்: "ஜினுவுக்கும் கிறிஸ்மசுக்கு வந்தப்போ இப்படிப் படபடன்னு வந்துது மக்கா. உனக்கிட்ட சொல்லப்பிடாதுன்னு சொன்னான்."

அத்தான், எனக்குக் கோபமில்லை. கிரேன் ஏணியில் ஏறும்போது எப்போதாவது தலை சுற்றியதா என்று கேட்கத்தான் பயமாக இருக்கிறது. வெள்ளிக்கிழமை லிஜா தன் ஆஸ்பத்திரியில் உங்களுக்கு ஈசிஜி எடுக்க ஏற்பாடு செய்வாள். அதுவரை மேலே ஏறாதீர்கள். லீவு தரவில்லை என்றாலும் ஏறாதீர்கள்.

எடுத்த தாளை, எப்படி வந்திருந்தாலும், எனக்கு அனுப்புங்கள். நன்றாக இல்லாவிட்டால் மறைத்துவிடாதீர்கள். கர்த்தர் உங்கள் கூடவே இருப்பார் என்று மாமி எழுதச் சொன்னார். நானும் கூட இருக்க வேண்டும் அத்தான். அதற்கு நீங்கள் வந்து சேர வேண்டும்.

உங்கள்
சுமி