வீங்கிய பற்றரியும் அப்பாவின் மஞ்சள் ஒட்டு ரேப்பும்

மொன்றியல்,
ஐப்பசி, ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மகன் பிருந்தனுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நாங்கள் மூவரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், மனதுக்குத்தான் சரியில்லை. நீ வன்கூவரில் சுகமாக இருக்கிறாய் என்பது தெரியும், மலை ஏறி நின்று பல்லைக் காட்டிக்கொண்டு எடுத்த படத்தை நேற்றுப் பார்த்தேன். போன் எடுத்தால் "மலையில நிக்கிறன் அம்மா, பேந்து எடுக்கிறன்" என்று ஒரு வரி அனுப்புகிறாய், உன்னுடைய அந்தப் 'பிறகு' ஒருநாளும் வராது. நான் இங்கே நின்று கத்தினால் பக்கத்து அறையில் இருக்கிற உன் தங்கச்சி ஆர்த்திகாவுக்குக் கேட்கும். அவளுக்குத் தமிழ் கேட்க விளங்கும், வாசிக்கத்தான் வராது, அதனால்தான் எழுதுகிறேன். எனக்கு உன்மேல் இருக்கிற கோபத்தில் எழுத்து எப்படிக் கோணிப் போகிறது என்று நீயே பார்.

ஆர்த்திகாவின் லப்டொப்பைப் பற்றித்தான். நீ வேலை செய்கிற கந்தோரில் பழசென்று கழித்த இரண்டு லப்டொப்பில் ஒன்றை நீ வைத்துக்கொண்டு, மற்றதைப் போன கோடை விடுமுறைக்கு வந்தபோது அவளுக்குக் கொடுத்தாய். "புதுசு மாதிரி, பயப்பிடாமல் பாவி" என்றாய். அவளும் அண்ணா தந்தது என்று சிநேகிதிகளுக்கெல்லாம் காட்டித் திரிந்தாள். புரட்டாதி பிறந்ததிலிருந்து அது சண்டித்தனம் பண்ணத் தொடங்கியது. பற்றரி அறுபது வீதம் காட்டும், கண் மூடித் திறக்க முதல் இருட்டாகிவிடும். உன்னைக் கேட்டோம். நிறுத்திவிட்டுத் திரும்பப் போடு என்றாய், போட்டோம். திரை வெளிச்சத்தைக் குறை என்றாய், குறைத்தோம், பிள்ளை மூக்கு முட்ட வைத்துக்கொண்டு படித்தாள். முழுக்க இறங்க விட்டுப் பிறகு முழுக்க ஏற்று என்றாய், ஒரு லீவு நாள் முழுவதும் அதில் சமையல் வீடியோவை ஓடவிட்டு, எப்போது அணையும் என்று நான் காவல் இருந்தேன். வயரை ஆட்டிப் பார், வேறு பிளக்கில் குத்திப் பார், அதுவும் செய்தோம். அடியில் கை வைக்க முடியாத சூடு என்று சொன்னபோது "லப்டொப் எண்டால் சுடும்தானே அம்மா" என்று சொல்லிப் பெருவிரல் படம் ஒன்றை அனுப்பிவிட்டுப் போனாய். கொம்பியூட்டர் படித்த பிள்ளை சொல்கிறான் என்று நம்பினேன்.

பிறகு நவராத்திரி வந்தது. பிள்ளைகள் படிக்கிற புத்தகத்தைச் சரஸ்வதிக்கு முன் வைப்பதுதானே நம் வழக்கம், அவளுடைய புத்தகமெல்லாம் அந்த லப்டொப்புக்குள்தான். அதனால் அதையே வைத்தேன். கும்பத்தை நிறைத்து வைக்கிற இடத்தில் பற்றரியைக் குறையாக வைக்க எனக்கு மனம் வரவில்லை, நூறு வீதமாகவே நிற்கட்டும் என்று வயரைக் கழற்றாமல், என் கூறைச்சேலையை மடித்து மேலே போர்த்துவிட்டேன். விஜயதசமியன்று எடுத்தால் மூடி பொருந்த மறுக்கிறது, மேசையில் வைத்தால் கால் கட்டையான கதிரை போல ஆடுகிறது. அதை வீடியோ எடுத்து உனக்கு அனுப்பினேன். நீ என்ன செய்தாய்? குடும்பக் குழுவில் போட்டாய். "அம்மா லப்டொப்பைப் பட்டுச்சேலைக்குள்ள வைச்சு அவிச்சுப்போட்டா" என்று எழுதினாய். லண்டன் சித்தி சிரித்தாள், சுவிஸ் மாமா சிரித்தார், நானும் என்னில்தான் பிழை என்று நம்பினேன். அந்த நேரத்திலாவது இனி இதைச் சார்ஜில் போடாதேங்கோ என்று ஒரு வார்த்தை சொன்னாயா? அவள் போட்டுக்கொண்டேதான் இருந்தாள்.

அடுத்த கிழமை சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் இருக்கிற கல்லூரியில் அவளுக்கு லப்டொப்பில் எழுதுகிற சோதனை. எழுதிக்கொண்டிருக்க நடுவில் அணைந்து, எழுதினதில் பாதி போய்விட்டது. அழுதுகொண்டு வந்தவள் என்னைப் பார்த்து "உங்கட சாமியிட்ட என்ர சாமானை இனி வைக்காதேங்கோ அம்மா" என்றாள். அன்றிலிருந்து என்னோடு கதை இல்லை. சாப்பாட்டைப் போட்டு எடுத்துக்கொண்டு அறைக்குள் போகிறாள், வெள்ளிக்கிழமை விளக்கேற்றினால் கதவைச் சாத்துகிறாள். ஆசிரியை நல்ல மனுசி, வருகிற செவ்வாய்க்கிழமை கல்லூரி லப்டொப்பிலேயே திரும்ப எழுத விட்டிருக்கிறார். சோதனை திரும்ப வந்துவிட்டது, பிள்ளை என்னிடம் திரும்பி வருவாளா என்பதுதான் என் பயம்.

சரி, நான் கெடுத்ததை நானே திருத்துவோம் என்று நேற்று அப்பாவை இழுத்துக்கொண்டு ஆற்றுக்கு அந்தப் பக்கம் புரோசார்டில் லப்டொப் திருத்துகிற கடை ஒன்றுக்குப் போனேன். றொசானா என்று ஒரு பெண் அங்கே வேலை செய்கிறாள். சின்னப் பிள்ளைகளைப் பகலில் பார்க்கிற கார்டெரிக் குசினியில் வேலை செய்து, அவர்களோடு பேசிப் பழகின என் பிரெஞ்சில் பூசை, பட்டு, கும்பம் எல்லாம் சொன்னேன், காலில் விழாத குறை. அவள் அடி மூடியைத் திறந்ததும் கையைப் பின்னுக்கு இழுத்தாள். பற்றரி பொரித்த அப்பளம் போல உப்பிக் கிடந்தது. துணி போர்த்ததும் கூடாதுதான், அது சூட்டைக் கூட்டியிருக்கும், ஆனால் இது அதற்கு முதலே பழுது, இந்த லப்டொப்புக்குரிய பற்றரியே இல்லை, யாரோ மலிவானது ஒன்றை வாங்கி, இடம் காணாமல் நெருக்கி, திருகாணியும் பூட்டாமல் ஒட்டு ரேப்பால் ஒட்டியிருக்கிறார்கள் என்றாள். எட்டிப் பார்த்தேன். மஞ்சள் ரேப், நடுவில் கறுப்புக் கோடு. அப்பா துறைமுகத்தில் வேலை முடிந்து வரும்போது கொண்டுவருகிற ரேப். நம் வீட்டு ரிமோட்டிலும் கூட்டுகிற தும்புத்தடியிலும் ஒட்டியிருக்கிற அதே ரேப். திரும்பி அப்பாவைப் பார்த்தேன், அவர் கடையின் கூரையைப் பார்த்தார்.

திரும்பி வரப் பாலம் ஏற முதலே காருக்குள் உண்மையைக் கக்கிவிட்டார். "ஓம், பிருந்தன்தான் கோடைக்கு வந்த நேரம் குசினி மேசையில வைச்சுப் பூட்டினவன். தங்கச்சிக்குச் சொல்லாதேங்கோ, பழுதானதைத் தந்திட்டன் எண்டு நினைப்பாள் எண்டவன்" என்றார். நேற்று அவருக்குச் சோறு போட்டேன், கறி போடவில்லை.

மலிவானதைப் போட்டாய், போகட்டும். எல்லாம் தெரிந்துகொண்டு என்னைக் காட்டிச் சிரித்தாயே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. உன் பெயர் கெடாமல் இருக்க என் பெயரைக் கெடுத்தாய். அவள் அதைத் தலைமாட்டில் சார்ஜில் போட்டுவிட்டுத்தான் படுக்கிறவள், தெரியுமா? இது தீப்பிடிக்கிற சாமான் என்று சொல்லி றொசானா அந்தப் பற்றரியை மணல் நிரப்பின வாளிக்குள் கொண்டுபோய் வைத்தாள். பெற்ற பிள்ளை என்றும் பார்க்காமல் கன்னத்தில் ஒன்று போட வேண்டும் போல் இருக்கிறது, நல்ல காலம் நீ தூரத்தில் இருக்கிறாய்.

ஆர்த்திகாவுக்கு நான் இன்னும் சொல்லவில்லை, அப்பாவையும் வாய் திறக்க விடவில்லை. நான் சொன்னால், அம்மா தப்பிக்கிறதுக்காக அண்ணாவில் பழி போடுகிறா என்றுதான் நினைப்பாள், நீ அவளுக்கு அவ்வளவு பெரிய ஆள். நீயே சொல்ல வேண்டும். சோதனைக்கு முதல் சொல்லி அவளைக் குழப்பாதே, செவ்வாய்க்கிழமை எழுதிவிட்டு வந்தபின் எடுத்துச் சொல். அதுவரை நான் குற்றவாளியாகவே இருந்துகொள்கிறேன். பிறகு சிரித்த அதே குழுவில் சித்திக்கும் மாமாவுக்கும் எழுது. புது லப்டொப் வாங்கி அனுப்பி இதை மூடிவிடலாம் என்று நினைக்காதே, பெட்டியை உடைக்காமல் திருப்பி அனுப்புவேன்.

எவ்வளவு திட்டினாலும், விளக்கேற்றும்போது உன் பெயரைச் சொல்லாமல் விடுவதில்லை. நோய் நொடி இல்லாமல், வேலையில் நல்ல பெயரோடு நீ இருக்க வேண்டும். குளிர் தொடங்கிவிட்டது, காதை மூடிக்கொண்டு மலை ஏறு.

இவ்வளவும் எழுதிக் கையெழுத்து வைக்க முதல், அப்பாவிடம் வாசிக்கக் கொடுத்தேன். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு இப்போதுதான் சொல்கிறார், "இஞ்சரும், அண்டைக்குத் தன்ர லப்டொப்புக்கும் அதே மாதிரிப் பற்றரியைத்தானே பூட்டினவன்" என்று. தபாலில் போட இருந்தேன், இனி அதற்கு நேரமில்லை, படமெடுத்து உனக்கு அனுப்புகிறேன். மலையோ மீட்டிங்கோ, விட்டுவிட்டு வீட்டுக்குப் போய் உன்னுடையதை மேசையில் வைத்துப் பார். ஆடினால் தொட்டு அமத்தாதே, சார்ஜில் போடாதே, அது இருக்கிற அறையில் படுக்காதே, கடைக்குக் கொண்டுபோ. பார்த்துவிட்டு உடனே எனக்குப் போன் எடு. கத்தமாட்டேன். உனக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்தபிறகு திரும்பக் கோபப்படுகிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
சிவநேசம் சண்முகலிங்கம்