ஜன்னல் மூலையில் ஏழாவது திரை

அனுப்புநர்:
திரைச்சீலை தைப்பவர்,
மாடி வீடு, பள்ளிவாசல் பின்தெரு.

பெறுநர்:
மேற்பார்வை அலுவலர் அவர்கள்,
பள்ளிவாசல்கள் நிர்வாக அலுவலகம்.

பொருள்: இஃதிகாஃப் திரை ஒன்றை இன்று மாலை அஸர் தொழுகைக்குப் பின் பிடுங்க இருப்பதைத் தடுத்து, நாளை மாலை வரை விட்டுவைக்க ஆணையிட வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

தபாலில் போட்டால் காரியம் கெட்டுவிடும் என்பதால் இம்மனுவை நானே கொண்டுவந்து தருகிறேன். தாங்கள் படித்து முடிக்கும் வரை வெளியே பெஞ்சில் காத்திருப்பேன்.

1. ரமலானின் கடைசிப் பத்து நாள்கள் பள்ளிவாசலை விட்டு வெளியேறாமல், ஆளுக்கொரு திரைக்குள் தங்கி வணங்கும் இஃதிகாஃப் பற்றித் தங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. எங்கள் பள்ளிவாசலுக்கு அந்தத் திரைகளை ஆறு வருடங்களாகத் தைத்துத் தருபவள் நான்.

2. என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். எங்கள் மகள் மாடிப்படியில் விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து படுத்த படுக்கையாகக் கிடந்தபோது, அவள் எழுந்து நின்றால் பத்து நாள் முழுமையாக இஃதிகாஃப் இருப்பதாக நேர்ந்துகொண்டார். அவளும் சுவரைப் பிடித்து நின்றாள். சென்ற ரமலானில் அவர் பள்ளிவாசலின் ஜன்னல் மூலையில் அமர்ந்தார். பத்து நாள் முடித்து அவர் வெளியே வரும்போது, மகள் எதையும் பிடிக்காமல் நடந்துபோய் வாசலில் அவரை அழைக்க வேண்டும் என்பது எனக்கும் அவளுக்கும் இருந்த ரகசிய ஏற்பாடு. கூடத்தில் தினமும் நடந்து பழகினாள்.

3. ஏழாம் நாள் நோன்பு திறந்த கையோடு அவருக்கு நெஞ்சுவலி வந்தது. தூக்கிக்கொண்டு போனார்கள். ஆஸ்பத்திரியில் என்னிடம், “இன்னும் மூணு நாள் இருக்கு. திரையைக் கழட்ட வேண்டாம்னு சொல்லு” என்றார். நான் போய்ச் சொல்வதற்குள் அவரும் போய்விட்டார், திரையையும் கழற்றிவிட்டார்கள். ஒரு லிஃப்டைப் பாதி வேலையில் விட்டுவந்தால் விடியும் வரை புரண்டு படுக்கும் மனிதர் அவர்.

4. இந்த வருடம் அமர்ந்திருப்பவர்கள் ஆறு பேர். ஆறு திரைகள் கொடுத்தேன். ஜன்னல் மூலையைக் காலியாக விடும்படி கேட்டிருந்தேன், விட்டார்கள். நேற்று இருபத்தெட்டாம் நோன்பு. காலையில் பாங்கு சொல்லும் மோதினார் வந்து, “என்னக்கா, ஏழாவது திரை தச்சு அனுப்பியிருக்கீங்க, ஒரு வார்த்தை சொல்லலையே? யாரு புதுசா உட்கார்றது?” என்று கேட்டார். நான் அனுப்பவில்லை. ஓடிப்போய் வெளிப்பக்கத்து ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அந்த மூலையில் தொங்கியது என் நீலத் துணி, என் தையல். நூலைக் கத்தரிக்காமல் பல்லால் கடிப்பது என் கெட்ட பழக்கம். கடித்த நுனி அதிலும் தொங்கிக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வந்து மீதித் துணியை அளந்தேன். ஒரு சாண் குறையவில்லை.

5. பக்கத்துத் திரையில் இருப்பவர் ஒரு சமையல் மாஸ்டர். கதை கட்டத் தெரியாத ஆள். நேற்று நண்பகல் லுஹர் தொழுகையில் வரிசையின் கடைசியில் நின்றவர் அவர்தான். அவருக்கு இடப்பக்கம் வெறும் பாய். “தொழுகை முழுக்க யாரோ தோளோட தோள் ஒட்டி நின்னாங்க. ஸலாம் சொல்லித் திரும்பினா ஆளே இல்ல. தொட்டுப் பார்த்தேன், பாய் சூடா இருந்துச்சு” என்று மோதினாரிடம் சொல்லியிருக்கிறார். நேற்று மாலையிலிருந்து அவர் வரிசையின் நடுவில்தான் நிற்கிறார்.

6. நேற்று நோன்பு திறக்க என் வீட்டிலிருந்து சாப்பாடு கேட்ட மோதினார், ஆளை எண்ணாமல் திரையை எண்ணிவிட்டார். அவருடைய தவறால் ஏழு கேரியர்கள் போயின. இன்று காலை ஏழும் காலியாகத் திரும்பி வந்தன. என் கணவர் வேலைக்குக் கொண்டுபோகும் கேரியரில் கொக்கி நிற்காது என்பதால், கட்டுக்கம்பியை இரண்டு சுற்றுச் சுற்றி முறுக்கித்தான் வீட்டுக்குக் கொண்டுவருவார். நேற்று அனுப்பியதெல்லாம் புதுக் கேரியர்கள், கொக்கியில் ஒரு குறையும் கிடையாது. ஆனாலும் ஒன்றில் இரண்டு சுற்றுக் கம்பி இருந்தது. குறடு வைத்துத்தான் என்னால் பிரிக்க முடிந்தது. அந்தக் கம்பியை இத்துடன் இணைத்துள்ளேன். பார்த்துவிட்டுத் திருப்பித் தரவும்.

7. நிர்வாகக் குழுத் தலைவர் பெயிண்ட் கடை வைத்திருப்பவர். நான் யாரோ ஓர் ஆணைக் கொண்டுவந்து ஒளித்து வைத்திருப்பதாகக் கடையில் வருவோர் போவோரிடமெல்லாம் சொல்கிறார். ஐயா, ஆளை ஒளித்து வைக்க நினைக்கும் பெண், ஆறு ஆண்கள் குடியிருக்கும் பள்ளிவாசலையா தேடிப் போவாள்? வணக்கத்தில் இருப்பவரின் திரையை அடுத்தவர் விலக்குவது எங்கள் பள்ளிவாசலில் வழக்கமில்லை. தலைவர் மட்டும் நேற்று ஏணி போட்டு ஏறினார். திரை வளையத்தில் கையை வைத்து உள்ளே எட்டிப் பார்த்தார். இறங்கி வந்ததும் குடிக்கத் தண்ணீர் கேட்டார். நோன்பு என்பதே அவருக்கு மறந்துபோயிற்று. இன்று அஸருக்குப் பின் நான்கு பேரை வைத்துத் திரைக்கம்பியோடு பிடுங்கப்போவதாக அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்.

8. அவர் விட்டுப்போன மூன்று நாளில் நேற்று ஒரு நாள், இன்று இரண்டாவது. மீதம் நாளை மட்டுமே. இன்று மாலை பிறை தெரிந்தால் நாளை பெருநாள், ஆறு பேரும் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். அப்போதும் அந்த ஒரு திரையைத் தொடக் கூடாது. பெருநாளன்று இருப்பது இஃதிகாஃப் கணக்கில் சேருமா என்று இமாமிடம் கேட்டேன். “அது அவருக்கும் அல்லாஹ்வுக்கும் உள்ள விஷயம்மா. திரை இருந்துட்டுப் போகட்டும்” என்றார். அதைத் தலைவரிடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. சம்பளம் தருபவர் தலைவர்.

9. இன்னொன்றையும் மறைக்க விரும்பவில்லை. தகப்பன் போன நாளிலிருந்து என் மகள் சுவரைப் பிடிக்காமல் ஓரடி எடுத்து வைத்ததில்லை. திரையைப் பற்றி நான் அவளிடம் மூச்சு விடவில்லை. ஆனாலும் நேற்றுப் பகல் முழுவதும் கூடத்தில் இரண்டு கைகளையும் வீசிக்கொண்டு நடந்தாள். இன்று காலை, “அத்தா நாளைக்கு எத்தனை மணிக்கு வெளிய வருவாங்க?” என்று கேட்டாள். உனக்கு யார் சொன்னார்கள் என்று கேட்க எனக்குத் துணிவில்லை.

எனக்குப் பயமாக இருக்கிறது, ஐயா. பதினேழு வருடம் கூட வாழ்ந்தவரை நினைத்துப் பயப்படுவது வெட்கமாகவும் இருக்கிறது. ஆனால் இரண்டாவது முறையும் அவரைப் பாதியில் எழுப்பிவிட என் மனம் ஒப்பவில்லை.

ஆகவே, நாளை சூரியன் மறையும் வரை அந்தத் திரையை எவரும் தொடக் கூடாதென இன்றே எழுத்தில் ஆணையிட வேண்டுகிறேன். மேலும், அந்நேரத்துக்குத் தங்கள் அலுவலகத்திலிருந்து திடமான ஒருவரைப் பள்ளிவாசல் வாசலுக்கு அனுப்பிவைக்கவும். வேறு யாரும் என்னோடு நிற்கச் சம்மதிக்கவில்லை. மகள் நடப்பதை என் கணவர் கண்ணாரப் பார்த்துவிட்டுப் போகட்டும். பார்த்த பிறகு அவர் கையை நீட்டினால், அவளை இழுத்துப் பிடித்துக்கொள்ள என் ஒருத்தியின் பலம் போதாது.

இடம்: தங்கள் அலுவலக வாசல்
நாள்: ரமலான் 29, முற்பகல் 11 மணி

தங்கள் பதிலுக்காக வெளியே அமர்ந்திருக்கும்,
(கையொப்பம்)
திரைச்சீலை தைப்பவர்